கை சொன்னதற்குச் சாட்சி

அத்தியாயம் பதினான்கு

அந்த இரண்டாவது நாற்காலி வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

தொலைக்காட்சி நிலையத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு அறையில் முன்பெல்லாம் ஒரே நாற்காலிதான். அதில் நம் சவுண்டு உட்கார்ந்திருப்பான். நாள் முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதனுக்கு அலுவலகத்தில் சவுண்டு என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல குசும்புக்காரர். இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி, அதில் தகவல் ஒழுங்குத் துறையிலிருந்து வந்த ஒப்புதல் அதிகாரி. நேரலையில் யாராவது பேசக்கூடாததைப் பேசினால் அவர் சவுண்டின் தோளைத் தட்டுவார். சவுண்டு பொத்தானை அமுக்குவான். வீடுகளில் படம் ஓடும், சத்தம் வராது. ஊழியர்கள் அந்த அதிகாரிக்குக் கத்திரி என்று பெயர் வைத்து, அவர் இல்லாத இடத்தில் மட்டும் மிகத் தைரியமாகக் கூப்பிட்டார்கள்.

இருபத்திரண்டு நாளில் முப்பத்தொரு தட்டு. வீட்டில் சவுண்டு இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் சாப்பாடு இறங்காது என்று இரண்டு பேரும் வாய் திறக்காமலே ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். போன வாரம் அது கொஞ்சம் ஆட்டம் கண்டதைப் பார்த்தோம். இன்று நண்பகல் செய்தியில் உடைந்தே போனது.

மனைவி பெயர் சுருட்டை. தலைமுடி வாங்கிக் கொடுத்த பெயர். அதே நிலையத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். செய்தி ஓடும்போது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொல்பவள். சவுண்டின் அக்கா பிறவியிலேயே காது கேளாதவள். தெருவே அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். புகுந்த வீட்டுக்கு வந்த சுருட்டை, நாத்தனாரோடு சரிக்குச் சரி சண்டை போடவேண்டும் என்பதற்காகவே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். அதுவே பிழைப்பாகி, பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இன்றைய பன்னிரண்டு மணிச் செய்திக்கு ஒரு விருந்தினர் வந்திருந்தார். தண்ணீர் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா. வெயில் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பி போடுங்கள், நிழலில் நில்லுங்கள் என்று இரண்டு நிமிஷம் சமர்த்தாகப் பேசினார். பிறகு கேமராவை நேராகப் பார்த்தார்.

"கிழக்குப் பக்கத்துக் குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு. எட்டு நாளா அறிக்கை கொடுத்துக்கிட்டே இருக்கேன், வெளியிட விட மாட்டேங்கறாங்க. காய்ச்சாம ஒரு சொட்டுகூடக் குடிக்காதீங்க. குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க."

முதல் வார்த்தையிலேயே தட்டு விழுந்தது. சவுண்டின் விரல் பொத்தானை அமுக்கியது. ஊர் முழுக்க டாக்டரம்மாவின் வாய் மட்டும் அசைந்தது.

ஆனால் சுருட்டையின் காதில் மாட்டியிருக்கும் கருவிக்குச் சத்தம் ஸ்டுடியோவிலிருந்து நேராக வரும். அதற்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. துறை அனுப்பிய நாலு பக்கச் சுற்றறிக்கையில் சத்தத்தை எப்போது, எப்படி நிறுத்துவது என்று வரிக்கு வரி இருந்தது. மூலையில் ஒருத்தி நிற்கிறாளே, அவள் கையும் பேசுமே என்று அதை எழுதியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காது கேளாதவர்களை அவர்கள் நினைத்துப் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

சுருட்டையின் அறையில் கண்ணாடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் நிறுத்தப்பட்டது என்று அர்த்தம். அவள் அதைப் பார்த்தாள். கை ஒரு கணம் தயங்கியது. டாக்டரம்மா நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை. யாரோ ஓடிவந்து படத்தை மாற்றி, ஏரியில் வாத்து நீந்துவதைக் காட்டுவதற்குள் பத்தொன்பது விநாடி ஓடிவிட்டது. சொல்லவேண்டியது அத்தனையும் கையால் சொல்லி முடித்தாயிற்று.

டாக்டரம்மாவைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

*

ஒரு மணிக்குக் கத்திரி சவுண்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் அது பொய். நெஞ்செரிச்சல்காரர், பொடி எழுத்தில் அழகாகக் குறிப்பு எழுதுபவர், கோப்பு எதுவும் மூடாமல் கிடந்தால் தூக்கம் வராதவர். சவுண்டை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. மேலேருந்து கேக்கறாங்க, அவ்வளவுதான். ஆறு மணிச் செய்தியில ஒரு வரி வாசிக்கணும். 'மதியம் சைகையில் வந்த தகவல் பிழையானது, தண்ணீர் நன்றாக இருக்கிறது'ன்னு. அதோட முடிஞ்சுது."

"கை தப்பு பண்ணிடுச்சுன்னு அவ எழுதித் தர மாட்டா சார்."

"அவங்க தர வேணாம். பயந்துபோய் எழுதினாங்கன்னு ஊர் பேசும். காது கேக்காத ஒருத்தர் வந்து, 'நான் பார்த்தேன், கை என்னமோ உளறுச்சு, ஒண்ணும் புரியல'ன்னு சொல்லட்டும். அது போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க அக்காவுக்குக் காது கேக்காதுல்ல?"

இவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கும் தெம்பு சவுண்டுக்கு இல்லை.

"அவங்க சொல்லலேன்னா?"

"உங்க ரெண்டு பேருக்கும் இங்க வேலை இருக்காது. அதோட நின்னா உங்க அதிர்ஷ்டம். டாக்டரம்மாவைக் கூட்டிட்டுப் போனதைப் பார்த்தீங்கல்ல?" கத்திரி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். "நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

*

டெய்லரக்காவின் கடை கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தையல் மிஷினுக்கு எதிரே பெரிய டிவி ஒன்று உண்டு. நண்பகல் செய்தி நேரத்தில் அக்கம்பக்கத்துக் காது கேளாதவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிடுவார்கள். மூலைக் கட்டத்தைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, சுருட்டை இன்று என்ன சட்டை போட்டிருக்கிறாள் என்று விமரிசனம் பண்ணுவதற்கும்தான்.

சவுண்டு இரண்டு மணிக்குப் போனபோது கடையில் அக்கா மட்டும் இருந்தாள். துணி வெட்டும் மேஜையில் துணி இல்லை. அளவுக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். 'குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.' மற்றவர்கள் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தார்கள். கதவைத் தட்டுவது, தாளை நீட்டுவது, அடுத்த வீடு. எதிர்க்கடைக்காரர் ஒருவர் பத்து வருஷமாக அக்காவிடம் தொண்டை கிழியக் கத்திப் பேசுகிறவர். கத்தினால் காது கேட்டுவிடும் என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இன்று அவர் சத்தமே போடாமல் ஒரு தாளை வாங்கிப் போய்த் தன் கடைவாசலில் ஒட்டியிருந்தார்.

தம்பியைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "உன் பொண்டாட்டி கைக்குத் தங்க வளையல் போடணும்டா!"

சவுண்டுக்கு வாய்தான் பேசாது. கை நன்றாகவே பேசும். பேசத் தெரிந்த நாளிலிருந்து அக்காவோடு அவன் கையால்தான் பேசி வளர்ந்தான். அந்தக் கை இன்று கனத்தது. கத்திரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என் கடையில பட்டன் வைக்கறவ பொண்ணு மூணு நாளா ஆஸ்பத்திரியில கிடக்கு. வாந்தி, பேதி. ஏன்னு எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என்னைப் போய் தண்ணி நல்லாருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"தண்ணியைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்ல வேணாம்க்கா. கை புரியலன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டும் வேறயா?"

சவுண்டு, அக்கா எழுதி வைத்த தாளைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான்.

"நீ இங்க வந்தது அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினான்.

"ரொம்ப நல்ல புருஷன்!" அக்கா மேஜையில் கத்தரிக்கோலை வைத்த வேகத்தில் சாக்குக்கட்டி துள்ளி விழுந்தது.

"அக்கா, எனக்கு வேலை போனா போகட்டும். அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா? அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்கன்னு இப்ப வரைக்கும் யாருக்கும் தெரியல. எனக்குப் பயமா இருக்குக்கா." பயம் என்பதை அவன் கை இரண்டு தடவை சொன்னது.

சின்ன வயசில் இடி இடித்தால் அவன்தான் பயப்படுவான், இடி கேட்காத அக்காதான் அவனைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். கடைச் சாவியை எடுத்தாள்.

"வரேன்," என்றாள்.

*

நாலு மணிக்கு, நிலையத்திலேயே விசாரணைக்கு ஒதுக்கிய அறையில் ஒரு சிக்கல் முளைத்தது. சாட்சி கையால் பேசுவதைக் குறிப்பெழுதும் கத்திரிக்கு யார் சொல்வது? துறைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். துறையில் அந்த மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சவுண்டைக் கேட்கலாம் என்றால், விசாரணைக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று விதி. நிலையத்தில் அங்கீகாரம் பெற்றவர் ஒரே ஒருவர். விசாரிக்கப்படுகிறவளே அவள்தான்.

கத்திரி அந்த விதியை இரண்டு முறை படித்தார். பெருமூச்சு விட்டார். "அவங்களையே கூப்பிடுங்க," என்றார்.

சுருட்டை உள்ளே வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம், அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார். மூலையில் ஒலிப்பதிவுக் கருவியோடு கணவன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏற்கெனவே சரியாக மாட்டியிருந்த வயரை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த உடனேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாதா!

இன்னொன்றும் அவளுக்கு விளங்கியது. அண்ணி என்ன சொன்னாலும் சரி, 'புரியலையாம் சார்' என்று தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிற்கும், வீடு நிற்கும், கத்திரிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரிந்த ஒரே ஆள் அந்த வயர் மாட்டுகிறவன். அவனும் அதைத்தான் விரும்புகிறான். ஆனால் ஆறு மணிக்கு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அதே கட்டத்துக்குள் நின்று இதே கையால் சொல்லவேண்டும். சொன்னால் நம்புவார்கள். இத்தனை வருஷமாக நம்பியவர்கள்தானே!

"மதியம் செய்தியில இவங்க கை சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?" கத்திரி கேட்டார்.

சுருட்டை கையால் கேட்டாள். டெய்லரக்கா ஒருமுறை தம்பியைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"நல்லாப் புரிஞ்சுது. நான் முழுசாப் பார்த்தேன்," என்றாள் சுருட்டை.

"இரும்மா இரும்மா. இது நீ சொல்றியா, அவங்க சொல்றாங்களா?"

"அவங்க சார். நான் 'நான்'னு சொன்னா அது அவங்க. எங்க வேலையில அப்படித்தான்."

கத்திரி பேனாவை நெற்றியில் தட்டிக்கொண்டார். "சரி, மேல சொல்லு."

"கிழக்குப் பக்கத்துத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு, காய்ச்சாம குடிக்காதே, குழந்தைக்குக் கொடுக்காதேன்னு சொன்னா. நாங்க எட்டுப் பேர் பார்த்தோம், எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரிதான் புரிஞ்சுது. என் தம்பி பொண்டாட்டி கை தப்பு பண்ணினா நான் விட்டு வைக்கற ஆள் இல்ல. வீட்டுக்கு வந்ததும் வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கேன். இன்னிக்கு அவ கையில ஒரு குத்தமும் இல்ல."

தன் புகழைத் தன் வாயாலேயே பாடவேண்டி வந்ததில் சுருட்டைக்குக் காது மடல் சூடேறியது. அண்ணியிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வாங்கப் பதினோரு வருஷமாகப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதை ரசிக்க முடியாத நேரம் பார்த்து வந்தது!

டெய்லரக்காவின் கை நிற்கவில்லை. மூலையைக் காட்டியது, மார்பைத் தொட்டது, வேகமாக ஓடியது. முகம் கலங்கியது. சுருட்டை வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அவ்வளவுதான். வேற சொல்ல ஒண்ணும் இல்ல," என்றாள்.

கத்திரி எழுதுவதை நிறுத்தினார். மூன்று வாரமாக மற்றவர்கள் பேச்சை வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு வெட்டு விழுந்த இடம் தெரியாமல் போகுமா?

"கை அவ்வளவு நேரம் பேசுச்சு. வாய் ரெண்டு வார்த்தையில முடிச்சுடுச்சே!" நாற்காலியைச் சவுண்டு பக்கம் திருப்பினார். "உங்களுக்கும் இந்த மொழி தெரியும். உங்க மனைவி உள்ளதை உள்ளபடி சொன்னாங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்திச் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. இங்கேயே தப்பு பண்ணினவங்க மதியமும் பண்ணியிருப்பாங்கன்னு எழுதிடறேன். வேலை தெரியலேன்னு ஒரு கண்டிப்போட விட்டுடலாம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

வழி திறந்துவிட்டார். 'ஆமாம் சார்' என்று தலையை ஆட்டினால் போதும்.

சவுண்டு மெதுவாகக் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். எழுந்து நின்றான்.

"தண்ணியைப் பத்திச் சொன்னது, மதியம் கை சொன்னது, எல்லாம் சரியாச் சொன்னாங்க சார். கடைசியில ஒண்ணை மட்டும் விட்டுட்டாங்க."

சுருட்டை மேஜைக்குக் கீழே கையை அசைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்றது அந்தக் கை. அவன் அதைப் பார்த்தான்.

"எங்க அக்கா சொன்னது இது. 'என் தம்பி ரெண்டு மணிக்குக் கடைக்கு வந்தான். புரியலன்னு பொய் சொல்லச் சொன்னான். அவன் கெட்டவன் இல்ல, பயந்துட்டான். அவன் மேல உயிரையே வெச்சிருக்கேன். ஆனா இதைச் சொல்ல மாட்டேன்.'" சுருட்டையைக் காட்டினான். "என்னைக் காப்பாத்தறதுக்காக இதை விட்டுட்டா சார். பதினோரு வருஷத்துல அவ விட்ட ஒரே பேச்சு இதுதான். அந்தத் தம்பி நான். அப்படிச் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினது நீங்க. எல்லாம் பதிவாகிக்கிட்டு இருக்கு."

இவ்வளவு நீளமாக அவன் பேசி சுருட்டை கேட்டதே இல்லை. தனக்குத் தெரியாமல் அண்ணியிடம் போனானே என்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போனதும் அதற்கு ஒரு கச்சேரி நிச்சயம் உண்டு. ஆனால் அவனை இப்போதே கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. என்ன நடந்தது என்று அண்ணிக்குச் சொல்லவேண்டுமே! கணவன் பேசியதைக் கையால் சொன்னாள், இந்த முறை ஒன்றும் விடாமல். டெய்லரக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேஜைமேல் போன் அடித்தது. மேலிடம். ஆறு மணிச் செய்திக்கு அந்த ஒரு வரி வந்தாயிற்றா என்று கேட்பதற்கு. கத்திரி போனைப் பார்த்தார், எடுக்கவில்லை. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். ஜாடியைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். உதடு வரை கொண்டுபோனார்.

அங்கேயே நின்றது கை.

"இது காய்ச்சினதா?" என்று கேட்டார்.

சவுண்டுக்குத் தெரியாது. சுருட்டைக்கும் தெரியாது. அவள் வழக்கப்படி அந்தக் கேள்வியை அண்ணிக்குக் கையால் சொன்னாள். டெய்லரக்கா அதிகாரியை நேருக்கு நேர் பார்த்து, நிதானமாகப் பதில் சொன்னாள்.

சுருட்டை அதை அப்படியே சொன்னாள். "ஆறு மணிக்குத் தண்ணி நல்லாருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லப் போறது நீங்கதானே சார்? குடிங்க."

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கத்திரி தண்ணீரைக் குடிக்கவும் இல்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை.